கணக்கில் வராத பதிப்பாசிரியர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டுப் பதிப்பகம் தொடங்கியிருக்கும் இளைஞர்கள் சிலரைப் பற்றிச் சென்ற ஞாயிறன்று தங்கள் இணைப்பிதழில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை மகிழ்ச்சியோடு, இரண்டாம் முறை பென்சிலோடு. பதினான்கு ஆண்டுகள் அச்சகங்களில் மெய்ப்புத் திருத்திவிட்டு, கடந்த பன்னிரண்டு ஆண்டுகளாகத் தஞ்சாவூரில் சிறு பதிப்பகம் ஒன்றை நடத்திவருபவன் நான். பென்சில் இல்லாமல் படித்தால் எதையும் படித்த நிறைவு எனக்கு வருவதில்லை. கட்டுரையில் பிழை ஏதும் இல்லை. ஒரு விடுபடல் மட்டும் இருந்தது. அட்டை வடிவமைப்பு, சமூக ஊடக விளம்பரம், புத்தகக் காட்சியில் அரங்கு பிடிப்பது, நண்பர்களிடம் திரட்டிய முதல், வீட்டாரின் கவலை என எல்லாமே பேசப்பட்ட அந்த முழுப் பக்கத்தில், வந்த கைப்பிரதியை யார் படித்தார்கள், யார் திருத்தினார்கள், எத்தனை மாதம் அது மேசைமேல் கிடந்தது என்ற பேச்சே எழவில்லை. பதிப்பாசிரியர், அதாவது எடிட்டர், என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. இதைக் கட்டுரையாளரின் குறையாக நான் கருதவில்லை. தமிழில் பதிப்பகம் தொடங்குகிறவர்களிடம் எவ்வளவு நேரம் பேசினாலும் அந்தச் சொல் பெரும்பாலும் வருவதில்லை. அதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். கடிதம் சற்று நீளும், பொறுத்தருள வேண்டும்.

ஆசையால் பதிப்பகம் தொடங்குவது நமக்குப் புதிதன்று. புதுக்கோட்டைச் சீமை ராயவரத்துக்காரரான வை. கோவிந்தன், 1939இல் 'சக்தி' இதழைத் தொடங்கியவர், சக்தி காரியாலயத்தின் வழியே டால்ஸ்டாயையும் தமிழ் வாசகர்களிடம் கொண்டுசேர்த்தார். பாரதியின் எழுத்துகளை அரசு பொதுவுடைமையாக்கிய பிறகு, 1957இல், பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்தார். 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, எழுத்து பிரசுர நூல்களை மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். தீரர் சத்தியமூர்த்தியின் மகள் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி, 1960களில் வாசகர்களை உறுப்பினர்களாகச் சேர்த்து வாசகர் வட்டம் என்ற பதிப்பகத்தை நடத்தினார். அந்த நூல்களின் தாளையும் பைண்டிங்கையும் இன்றும் தொட்டுப் பார்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. இவர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே நாம் சொல்வது ஒரே கதை: கைப்பொருளை இழந்தார்கள் என்பது. அந்தக் கதையில் உண்மை உண்டு. ஆயினும், அதையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி, பணம் இழப்பதுதான் பதிப்பார்வத்தின் அடையாளம் என்ற எண்ணம் நம்மிடம் படிந்துவிட்டது. சக்தியில் வேலை பார்த்தவர்களில் கு. அழகிரிசாமியும் தொ.மு.சி. ரகுநாதனும் இருந்தார்கள் என்பதை யாரும் அதே அழுத்தத்தோடு சொல்வதில்லை. எழுதத் தெரிந்தவர்களைக் கோவிந்தன் சம்பளத்துக்கு மேசையில் உட்கார வைத்தார் என்பது, எனக்கு, ஒன்றரை ரூபாய் விலையைக் காட்டிலும் பெரிய செய்தி.

லண்டனை ஒட்டிய ரிச்மண்டில், 1917இல், எழுத்தாளர்களான லியனார்ட் வுல்ஃப், வர்ஜீனியா வுல்ஃப் தம்பதியர் பத்தொன்பது பவுண்டுச் சொச்சத்துக்கு ஒரு சிறு கை அச்சு இயந்திரத்தை வாங்கி வந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தார்கள். அச்சுத் தொழில் கற்பிக்கும் பள்ளியில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. உடன் வந்த சிறு கையேட்டைப் பார்த்துத் தாங்களே பழகினார்கள். முதல் வெளியீடு சுமார் 150 பிரதிகள். வர்ஜீனியா தம் கையாலேயே ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்தார். சுதந்திரப் பதிப்பகம் என்றதும் எல்லோரும் எடுத்துக்காட்டும் ஹோகார்த் அச்சகத்தின் தொடக்கம் இதுதான். அதில் நான் கவனிப்பது அந்தக் கையை. எழுத்துக் கோக்கிறவர் ஒவ்வொரு சொல்லையும் தொட்டாக வேண்டும். தாண்டிப் போக வழி கிடையாது. நான் அச்சகத்தில் சேர்ந்தபோது ஈய எழுத்துகள் மூலைக்குப் போய்விட்டன. ஆனால் பழைய கம்பாசிட்டர் ஒருவர் அங்கே பைண்டிங் பிரிவில் இருந்தார். சில புத்தகங்களுக்கு எழுத்துக் கோக்கும்போது விரல் வலிக்கும், சிலவற்றுக்கு வலிக்காது என்பார். விரல் வலித்த புத்தகங்களில் தேவையில்லாத பக்கங்கள் இருந்தன என்பது அவருடைய விமரிசனக் கொள்கை. அதைவிட நேரான கொள்கையை நான் பிறகு எங்கும் படித்ததில்லை.

நம் காலத்தில் இந்தப் பொறுமைக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டுமானால் க்ரியா எஸ். ராமகிருஷ்ணனைத்தான் சொல்ல வேண்டும். 1974இல் சென்னையில் க்ரியாவைத் தொடங்கியவர், கைப்பிரதியை எழுத்தாளரோடு உட்கார்ந்து வரிவரியாகப் பார்ப்பதையே பதிப்பகத்தின் மைய வேலையாக வைத்துக்கொண்டார். ஆண்டுக்கு எத்தனை தலைப்பு என்ற போட்டியில் அவர் இறங்கவே இல்லை. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியின் முதல் பதிப்பு 1992இல் வந்தது; விரிவாக்கிய பதிப்பு 2008இல்; மூன்றாவது 2020இல். அந்த ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் கோவிட் தொற்றால் அவர் காலமானபோது, அந்த மூன்றாம் பதிப்பு அப்போதுதான் வெளிவந்திருந்தது. ஒரே புத்தகத்தை முப்பது ஆண்டுகளுக்குமேல் திருத்திக்கொண்டே இருந்த ஒருவரை ஆர்வத்தால் பதிப்பகம் தொடங்கியவர் என்று சொன்னால், ஆர்வம் என்ற சொல்லுக்கே வேறு எடை வந்துவிடுகிறது. அந்த எடையில்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்பது என் விருப்பம்.

இனி, எங்கள் பக்கத்துக் கணக்கைச் சொல்கிறேன். டெமி எட்டில் ஒன்று அளவில் 160 பக்கம், அதாவது பத்துப் பாரம் (பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம்), 300 பிரதி, விலை 200 ரூபாய் என்று ஒரு சிறுகதைத் தொகுப்பை வைத்துக்கொள்ளுங்கள். பக்க வடிவமைப்புக்குப் பக்கத்துக்கு 20 ரூபாய் வீதம் 3,200; அட்டை ஓவியத்துக்கு 3,000; தாள், அச்சு, பைண்டிங் எல்லாம் சேர்த்துப் பிரதிக்கு 68 ரூபாய் வீதம் 20,400; வண்டி வாடகை, கட்டு, சில்லறை என 1,400. ஆக 28,000 ரூபாய். எழுத்தாளருக்கும் மதிப்புரைக்கும் சட்டப்படி நூலகங்களுக்கும் கொடுத்தது போக 275 பிரதிகள் விற்பனைக்கு நிற்கும். கடைகளுக்கு 40 விழுக்காடு வரை கழிவு கொடுக்கிறோம். நேரில் வாங்குகிறவர்களுக்கு 10 விழுக்காடு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் பிரதிக்குச் சராசரியாக 125 ரூபாய் கைக்கு வரும். எல்லாமே விற்றால் 34,375. எழுத்தாளருக்கு, அச்சிட்ட விலையில் பத்து விழுக்காடு உரிமைத்தொகை 5,500. மிச்சம் 28,875. இரண்டு ஆண்டு உழைப்புக்குப் பிறகு, ஒரு பிரதிகூடச் சேதமாகாமல், ஒரு கடைக்காரர்கூடப் பாக்கி வைக்காமல் இருந்தால், 875 ரூபாய் லாபம்.

இந்தக் கணக்கைப் படிக்கும் எவரும் 875 ரூபாயைப் பார்த்து வருத்தப்படுவார்கள். நான் பார்க்கச் சொல்வது கணக்கில் இல்லாத வரியை. அட்டைக்கு ஓவியர் உண்டு, அவருக்குத் தொகை உண்டு. பக்கம் வடிவமைப்பவருக்கு உண்டு. கட்டுத் தூக்குகிறவருக்கு உண்டு. கைப்பிரதியைத் திருத்தியவருக்கு இல்லை. முதல் ஐந்து புத்தகங்களுக்கு நானே திருத்தினேன் என்பதால் அந்தச் செலவு எனக்குத் தெரியவில்லை. என்னுடைய இரவுகளுக்கு நான் விலை போடவில்லை. பெரும்பாலான சிறு பதிப்பகங்களில் நடப்பது இதுதான். தொடங்கியவரே திருத்துவார், அவருக்கு நேரமில்லாத நாளில் யாரும் திருத்த மாட்டார்கள், புத்தகம் அப்படியே அச்சுக்குப் போகும். அதுவும் இப்போது போவது எளிது. முன்பு ஆயிரம் பிரதிக்குக் குறைந்து ஆஃப்செட்டில் அடித்தால் கட்டுப்படியாகாது என்பதால், முதலைப் போடுகிறவர் பத்து முறை யோசித்தார். இன்று டிஜிட்டல் அச்சில் ஐம்பது பிரதிகூட எடுக்கலாம். என்னைப் போன்றவர்கள் பிழைத்திருப்பதே அந்த வசதியால்தான் என்றாலும், 'தப்பிருந்தால் அடுத்த அச்சில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற சோம்பலும் அதே வசதியோடு கூடவே வந்துவிட்டது. முதல் ஐம்பதை வாங்கியவர் என்ன பாவம் செய்தார் என்று யாரும் கேட்பதில்லை.

எடிட்டிங் என்றால் ஒற்றுப் போடுவது என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை இருக்கிறது. வல்லினம் மிகும் இடமெல்லாம் மிகுந்துவிட்டால் நூல் திருந்திவிட்டதாக நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மெய்ப்புத் திருத்தியவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? மெய்ப்பு என்பது மூலத்தில் உள்ளது அச்சில் வந்திருக்கிறதா என்று ஒப்பிடுவது. மூலமே சரிதானா என்று கேட்பது வேறு வேலை. எங்களுக்கு வந்த நாவல் ஒன்றில் குறுவை அறுப்பு தை மாதத்தில் நடந்தது. ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லாத, அழகான பகுதி. மேட்டூர் அணை ஜூனில் திறந்து, நாற்று விட்டு, நட்டால், குறுவை புரட்டாசி ஐப்பசியில் களத்துக்கு வந்துவிடும். தையில் அறுப்பது சம்பா. எழுத்தாளர் டெல்டாக்காரர்தான், ஆனால் சென்னைக்குப் போய் இருபது ஆண்டுகள் ஆனவர். தையை மாற்றினால் பொங்கலன்று நடக்கும் முக்கியமான காட்சி போய்விடும், குறுவையை மாற்றினால் கடன் தவணைக் கணக்கு இடிக்கும் என்பதால், அந்த ஓர் அத்தியாயத்துக்காக மட்டும் இரண்டு மாதம் கடிதமும் தொலைபேசியுமாகப் போராடினோம். கடைசியில் அவர் கடனைக் கொடுத்த ஆளையே மாற்றினார். நாவல் முன்பிருந்ததைவிட நன்றாகிவிட்டது. இதை எந்த மென்பொருளும் செய்யாது. ஒற்றுப்பிழை திருத்துகிறவரும் செய்ய மாட்டார்.

எங்கள் முதல் புத்தகத்தின் கதையும் சொல்ல வேண்டும். எழுதியவர் பக்கத்து ஊர்க்காரர், விவசாயக் குடும்பம். பத்தொன்பது கதைகள் கொண்டுவந்தார்; பதினொன்று அச்சாயின. பதினான்கு மாதம் ஆயிற்று. ஒரு கதையில், வயலில் தண்ணீர் கட்டி உழுது நடவுக்குப் பதப்படுத்தினார்கள் என்று எழுதியிருந்தார். உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். 'சேடை கலக்குறதுன்னு சொல்வோம், ஆனா அது புத்தகத்துல வருமா?' என்றார். அந்த ஒரு கேள்விக்காகவே பதிப்பகம் தொடங்கியது தகும் என்று அன்று நினைத்தேன். பிறகு இருவரும் உட்கார்ந்து, புத்தகத்தில் வராது என்று அவர் ஒதுக்கிவைத்திருந்த சொற்களை ஒவ்வொன்றாக உள்ளே அழைத்து வந்தோம். அகராதி தொகுப்பவர்கள் தற்கால எழுத்திலிருந்துதான் சொல்லையும் எடுத்துக்காட்டையும் எடுக்கிறார்கள். திருத்துகிறவர் கவனமில்லாமல் பொது வழக்காக மாற்றிவிட்ட ஒவ்வொரு சொல்லும் அந்த வழியில் தொலைகிறது. திருத்துவது என்பது எப்போதும் எதையோ நீக்குவது என்று எழுத்தாளர்கள் அஞ்சுகிறார்கள். நாங்கள் எட்டுக் கதைகளை நீக்கினோம். ஆனால் அவர் இன்றும் நினைவில் வைத்திருப்பது நாங்கள் கேட்டு வாங்கிய சொற்களை.

அதே புத்தகத்தில் நான் செய்த தவற்றையும் மறைக்கக் கூடாது. பைண்டிங்கில் ஐந்தாம் பாரமும் ஆறாம் பாரமும் சுமார் நாற்பது பிரதிகளில் இடம் மாறிவிட்டன. அடுக்கியவரைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. முதலில் கட்டி முடித்த பிரதியைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கட்டச் சொல்லியிருக்க வேண்டும். அன்று வெளியீட்டு விழா அழைப்பிதழ் கொடுப்பதில் அலைந்துகொண்டிருந்தேன். காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர் அஞ்சலட்டை எழுதினார்: கதையில் செத்துப்போனவர் பதினாறு பக்கம் கழித்துச் சந்தைக்குப் போகிறார், இது உத்தியா, பிழையா என்று. நல்ல பிரதியை அனுப்பி மன்னிப்பும் கேட்டேன். அதன் பிறகு எங்கள் பதிப்பகம் விழா நடத்தியதில்லை.

இப்போது கொஞ்சம் கசப்பானதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுத்தாளரிடமே பணம் வாங்கிப் புத்தகம் போடும் வழக்கம் தமிழில் நெடுநாளாக உண்டு. இப்போது அது 'சுதந்திரப் பதிப்பு', 'ஆர்வத்தால் விளைந்த முயற்சி' என்ற பெயர்களோடு வருகிறது. தன் பணத்தில் தன் புத்தகத்தைத் தானே போடுவதில் எந்தத் தவறும் இல்லை. செல்லப்பா செய்தது அதுதான். எழுத்தாளரின் பணத்தை வாங்கிக்கொண்டு, பதிப்பாளர் என்ற பெயரையும் போட்டுக்கொண்டு, பதிப்பாளர் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் விடுவதைத்தான் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர் நானூறு பக்கத் தன்வரலாற்றோடு வந்தார். கையில் பணமும் வைத்திருந்தார். அதில் அறுபது பக்கம், தாது வருஷப் பஞ்சம் பற்றித் தம் பாட்டி வழியாகக் கேட்டவை, பொன்னானவை. மீதியைச் சுருக்கி ஓராண்டு சேர்ந்து வேலை பார்க்கலாம், பணம் வேண்டாம் என்றேன். பேரன் திருமணத்தில் கொடுக்க வேண்டும் என்று சொல்லி வேறு இடத்துக்குப் போனார். இருபத்தைந்து நாளில் புத்தகம் வந்துவிட்டது. எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தார். வழுவழுப்பான அட்டை, கெட்டிக் கட்டு. உள்ளே அவருடைய தாயாரின் பெயர் மூன்று விதமாக அச்சாகியிருந்தது. ஒருவர் வாழ்நாளில் ஒரே ஒரு முறை எழுதும் புத்தகத்தில் அவருடைய தாயின் பெயரைக்கூடச் சரிபார்க்காத இடத்தைப் பதிப்பகம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுப்பதும் ஒரு திறமை என்பதைத் தொடங்குகிறவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. ஆர்வத்தால் தொடங்குகிறவருக்கு நண்பர்கள் அதிகம். நண்பர்களில் கவிஞர்கள் அதிகம். முதல் ஆண்டில் ஐந்து நண்பர்களை இழந்தேன், மூவர் திரும்பி வந்தார்கள்.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உண்மையில் அது சிறியது. பதிப்பகம் தொடங்க உரிமம் எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு நூலுக்கும் தனி அடையாளமான ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமை கட்டணமின்றிக் கொடுக்கிறது. அதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகர்களை நம்ப வேண்டாம். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூல் வெளியான முப்பது நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, தில்லி நூலகங்களுக்குத் தலா ஒரு பிரதி நம் செலவில் அனுப்ப வேண்டும். எழுத்தாளரோடு ஒப்பந்தத்தை எழுத்தில் போட வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை ஐந்தாண்டுக்கே என்று கொள்ளப்படும் என்பது பல எழுத்தாளர்களுக்கும் தெரியாது, பதிப்பாளர்களுக்கும் தெரியாது. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை, ஆனால் தாளுக்கு உண்டு. கட்டிய வரியைத் திரும்பப் பெறவும் நமக்கு வழியில்லை, ஏனெனில் விற்கும் பொருளுக்கு வரியே இல்லையே.

அஞ்சலைப் பற்றியும் ஒரு சொல். கடைகள் எங்களைப் போன்றவர்களின் புத்தகங்களை முன்வரிசையில் வைப்பதில்லை. அஞ்சலில் அனுப்பித்தான் வாழ்கிறோம். 2024 டிசம்பரில் பதிவுப் புத்தக அஞ்சல் சேவை திடீரென்று நிறுத்தப்பட்டபோது, 200 கிராம் எடையுள்ள புத்தகத்தின் லாபம் முழுவதும் அஞ்சல் வில்லைக்கே போய்விடும் நிலை வந்தது. 2025 மே மாதம் 'ஞான் போஸ்ட்' என்ற பெயரில் 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி என்று மாற்றுச் சேவை வந்தது. நிம்மதிதான். இடைப்பட்ட மாதங்களில் நான் பேருந்து நடத்துநர்களிடம் கட்டுக் கொடுத்து அனுப்பினேன். அவர்களில் இருவர் இப்போது எங்கள் வாசகர்கள்.

மூலப் பேச்சுக்கு வருகிறேன். ஆறாவது புத்தகத்திலிருந்து, கைப்பிரதியைத் திருத்துவதற்குத் தமிழ் முதுகலை படித்த ஒரு பெண்ணுக்குப் பக்கத்துக்கு 40 ரூபாய் கொடுத்துவருகிறேன். நான் எவ்வளவு திருத்தினாலும் என் கண்ணுக்குப் பழகிய குற்றங்கள் எனக்குத் தெரியாது என்பதை அவர்தான் முதல் வாரத்திலேயே எனக்குக் காட்டினார். 160 பக்கத்துக்கு 6,400 ரூபாய். மொத்தச் செலவு 34,400 ஆயிற்று. அதைச் சரிக்கட்ட விலையை 200இலிருந்து 240 ஆக்கினேன். முன்சொன்ன கணக்கின்படி, பிரதிக்கு 150 ரூபாய் வீதம் எல்லாப் பிரதியும் விற்று, உரிமைத்தொகையும் கொடுத்தால் 34,650 வரும். 250 ரூபாய் மிச்சம். 875இலிருந்து 250க்கு இறங்கினேன். நாற்பது ரூபாய் ஏன் ஏறிற்று என்று இதுவரை ஒரு வாசகரும் கேட்கவில்லை. பேச்சு நடையில் வரும் இடங்கள் உறுத்தாமல் படிக்க முடிகிறது என்று பலர் சொல்கிறார்கள். அதற்குக் காரணம் அந்த நாற்பது ரூபாய்தான் என்று நான் அவர்களுக்குச் சொல்வதில்லை. ஆண்டுக்கு ஆறு தலைப்பு என்றிருந்ததை மூன்றாகக் குறைத்தேன். பார்க்கிறவர்கள் பதிப்பகம் நொடித்துவிட்டது என்று நினைத்துத் துக்கம் விசாரித்தார்கள்.

இந்த முடிவுக்கு எதிராக ஒரு நல்ல வாதம் உண்டு. நூலகங்களுக்கோ நிறுவனங்களுக்கோ பக்கக் கணக்கை வைத்து விலை பேசும் இடங்களில், அறுபது பக்கத்தை வெட்டிய பதிப்பாசிரியரால் பதிப்பகத்துக்கு இழப்புத்தான். கொழுத்த புத்தகத்துக்குக் கூடுதல் பணம், இளைத்த புத்தகத்துக்குக் குறைவு. நல்ல வேலை செய்ததற்கு நாங்களே அபராதம் கட்டுவது போன்றது இது. மக்கள் சொத்து வரியோடு கட்டும் நூலக வரியிலிருந்து புத்தகம் வாங்கும் அரசு, பக்கத்தை எண்ணுவதோடு திருத்தியவர் யார் என்றும் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி கேட்கலாம். பெயரைக் குறிப்பிட வேண்டும் என்று வந்துவிட்டால், பெயருக்காவது ஒருவரைத் தேடுவார்கள்; தேடப்பட்டவர்களில் சிலர் உண்மையாகவே படித்துவிடவும் கூடும்.

தங்களிடம் நான் வேண்டுவது அதைவிடச் சிறியது, ஒரு நாளில் செய்யக்கூடியது. தங்கள் நூல் அறிமுகப் பகுதியில் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், பக்கம், விலை, தொலைபேசி எண் ஆகியவற்றை ஒழுங்காகக் கொடுக்கிறீர்கள். மொழிபெயர்ப்பு நூலானால் மொழிபெயர்த்தவர் பெயரும் இப்போது தவறாமல் வருகிறது. ஒரு காலத்தில் அது வந்ததில்லை என்பதை நான் நினைவில் வைத்திருக்கிறேன். அந்த வரியோடு பதிப்பாசிரியர் பெயரையும் சேர்க்க வேண்டும். நூலில் அந்தப் பெயர் இல்லையென்றால், 'பதிப்பாசிரியர்: குறிப்பிடப்படவில்லை' என்று அச்சிட வேண்டும். இது எங்களில் பலருக்குச் சங்கடமாக இருக்கும். எங்கள் முதல் ஐந்து நூல்களுக்கும் அப்படித்தான் அச்சிட வேண்டியிருந்திருக்கும். மதிப்புரை எழுதுகிறவர்களும், 'ஆங்காங்கே உள்ள அச்சுப்பிழைகளைத் தவிர்த்திருக்கலாம்' என்று கடைசி வரியில் எழுதி முடிப்பதை விட்டுவிட்டு, எந்த அத்தியாயம் நீண்டுவிட்டது, எந்தத் தகவல் இடிக்கிறது என்று எழுதினால், அந்தப் பக்கத்தை வெட்டி மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ள நாங்கள் தயார்.

கட்டுரையில் இடம்பெற்ற இளைஞர்கள் தஞ்சாவூர்ப் பக்கம் வந்தால் எங்கள் அலுவலகத்துக்கு வர வேண்டும். அலுவலகம் என்றால் வீட்டின் முன்கூடம்தான். ஒரு மேசை, கட்டில் உயரத்துக்குப் புத்தகக் கட்டுகள். பாரம் மாறிய நாற்பது பிரதிகளில் ஏழு இன்னும் என்னிடம் இருக்கின்றன. விற்பனைக்கில்லை, புதிதாகப் பதிப்பகம் தொடங்குகிறவர்களுக்கு மட்டும் ஆளுக்கொன்று கொடுத்துவருகிறேன்.

இப்படிக்கு,
சிறு பதிப்பாளர் ஒருவர்,
தஞ்சாவூர்.